உட்கார்ந்து எழுந்திருக்க ஒரு வண்டி

அந்த வண்டியை நாங்கள் வாங்கவில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது அதைத்தான். "வண்டி பார்த்தீங்களே, என்ன ஆச்சு?" என்று ஆரம்பிப்பார்கள். பங்குனி வெயிலில் நடுரோட்டில் பார்த்ததை என் கண்ணே இன்னும் முழுசாக நம்பவில்லை.

என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ரயிலின் கடைசிப் பெட்டியில் வெள்ளைச் சட்டையும் பச்சைக் கொடியுமாக ஒருவர் நிற்பாரே, அந்த வேலை. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தேன். வீடு நீடாமங்கலத்தில், ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே. ஒரே மகள், வெளிநாட்டில் நர்ஸ். ஒரு அடைமழைக் காலத்தில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து அவருக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. தஞ்சாவூரில் ஆபரேஷன் செய்து தகடு வைத்தார்கள். கைத்தடியோடு நடை வந்துவிட்டது. ஆனால் தாழ்வாக உட்கார்ந்தால் எழ முடியாது, உயரமாக இருந்தால் காலைத் தூக்கி வைக்க முடியாது. இந்த இரண்டு மட்டும் சரியாகவில்லை.

இது எங்களுக்கு முழுசாகப் புரிவதற்குள் குருத்து ஞாயிறு வந்துவிட்டது. ஆள் வைத்து ஓட்டுகிற எங்கள் சின்னக் காரில் அவரை மாதா கோயிலுக்குக் கூட்டிப்போனேன். வாசலில் கார் நின்றது. அவர் கதவைத் திறந்தார், காலை வெளியே வைத்தார், எழப் பார்த்தார். முடியவில்லை. மறுபடி முயன்றார். குழிக்குள் விழுந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பவனி புறப்படுகிற நேரம், பங்குச் சனம் முழுவதும் குருத்தோலையோடு வாசலில் நிற்கிறது. பாடகர் குழுப் பையன்கள் ஓடிவந்தார்கள். நல்ல எண்ணம்தான், குறை சொல்ல மாட்டேன். அக்குளில் ஒருவன், தொடையில் ஒருவன் என்று கை கொடுத்து அலாக்காகத் தூக்கினார்கள். தூக்கிய தூக்கில் வேட்டி அவிழ்ந்து கீழே விழுந்தது.

"என் கொடி அசையாம ஒரு ரயில் நகராது" என்று சொல்லிச் சொல்லி மீசையை நீவிக்கொண்ட மனிதர். அன்றைக்கு அரை டிராயரோடு அத்தனை பேர் முன்னால் அந்தரத்தில் தொங்கினார். நான் போய் வேட்டியை எடுத்துச் சுற்றினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னார்: "இனிமே என்னை ஒருத்தரும் தூக்கக் கூடாது. நீயும்தான். நானா ஏறி நானா இறங்க முடியுற வண்டி இருந்தா வர்றேன். இல்லாட்டி வாசப்படி தாண்ட மாட்டேன்."

கோபத்தில் சொல்கிறார், ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஒரு வருஷம் ஆனது. பூசைக்குப் போகாததால் சாமியாரே வீட்டுக்கு வந்து நன்மை அப்பம் கொடுத்துவிட்டுப் போனார். இவரோடு முப்பது வருஷம் ரயில் ஓட்டிய டிரைவர் மன்னார்குடியில் இறந்துபோனபோது, நான் மட்டும் மாலையோடு போய் வந்தேன். திரும்பி வந்து பார்க்கிறேன், வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருக்கிறார். துக்கத்துக்குப் போகாமல் துக்கத்துக்கு உடுத்தி உட்கார்ந்திருந்த மனிதரை அன்றைக்குத்தான் பார்த்தேன். இப்படியே விட்டால் இந்த மனிதர் வீட்டுக்குள்ளேயே முடிந்துபோவார் என்று தோன்றியது.

மகளிடம் சொல்லி அழுதேன். "காரை மாத்தும்மா. பழசா இருந்தாலும் நல்ல வண்டியாப் பாரு. நான் வாங்கித் தர்றேன்" என்றாள். எந்த வண்டி? அதற்கு வழி சொன்னது அவருக்குக் காலுக்குப் பயிற்சி கொடுக்க வரும் பெண். "சார் சாப்பாட்டு மேசை நாற்காலியிலேருந்து யார் துணையும் இல்லாம எழுந்திருக்கிறார் இல்லையா? அந்த உயரத்துல சீட் இருக்கிற கார் பாருங்க, போதும்" என்றாள். அவ்வளவுதானே என்று டேப்பை எடுத்து நாற்காலியை அளந்தேன். அளவெடுப்பது எனக்குப் புதிதா என்ன.

தஞ்சாவூரில் பழைய கார் விற்கிற இடம் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். அங்கே எல்லோரும் பெட்ரோலா டீசலா, எத்தனை கிலோமீட்டர் ஓடியது, டயர் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். நான் கதவைத் திறந்து குனிந்து, தரையிலிருந்து சீட் வரை டேப்பைப் பிடிப்பேன். ஒரு புரோக்கர் சிரித்துவிட்டான். "என்னம்மா, வண்டிக்கு ஜாக்கெட் தைக்கப் போறீங்களா?" என்றான். "ஆமா. கழுத்து எறக்கம் எவ்வளவு வைக்கணும், சொல்லு" என்றேன். அவன் சட்டென்று அடுத்த வண்டியின் கதவைத் திறந்துவிட்டான். ஆனால் உண்மையில் அதிர்ந்துபோனது நான்தான். ஒரு சீட் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அங்கே ஒரு ஆளுக்குக்கூடத் தெரியவில்லை. ஊரில் முட்டி தேயாத பெரியவர் யார் இருக்கிறார்? அவர்களை எல்லாம் காருக்குள் திணித்துப் பிடுங்கி எடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்களா என்று திகைப்பாக இருந்தது.

சின்னக் கார்கள் எல்லாம் பள்ளம். பெரிய ஜீப் மாதிரி வண்டிகளுக்கு ஏணி வேண்டும். இரண்டுக்கும் நடுவில் குட்டி எஸ்.யூ.வி. என்று ஒரு ரகம் இருக்கிறது. அதிலும் பல வண்டியில் ரெண்டு அங்குலம் குறையும், அல்லது கதவுக்கு அடியில் உள்ள விளிம்பு அகலமாக இருந்து கால் தாண்டாது. கடைசியில் மகள்தான் போனில் ஒரு படம் அனுப்பினாள். வெளிநாட்டுக் கம்பெனி வண்டி, கருநீலம், பணக்காரர்கள் வைத்திருக்கிற ரகம். டிரைவருக்குப் பக்கத்து சீட்டிலேயே பொத்தான் இருக்கிறதாம், அழுத்தினால் சீட் மேலே கீழே போகுமாம். விற்கிறவர் அதிராம்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் வேலை, லீவுக்கு வரும்போது ஓட்ட வாங்கியது. என் வீட்டுக்காரர் எங்கேயும் நகர மாட்டார் என்பதால் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவர முடியுமா என்று கேட்டேன். "அதுக்கென்னம்மா, வர்றேன்" என்று வந்துவிட்டார்.

நாற்பது வயது இருக்கும். வண்டியை நிறுத்தி இறங்கியவர் முதல் வார்த்தையே குறையைத்தான் சொன்னார். "அம்மா, முன்னாடியே சொல்லிடுறேன். வண்டியில வேற பழுது எதுவும் இல்ல. ஆனா ஓடல. வருஷத்துல ஒரு மாசம் ஓடும், மிச்ச நாள் துணி போட்டு மூடிக் கிடக்கும். அதான் குறை." விற்க வந்தவர் தானாகக் குறை சொல்லி நான் கேட்டதே இல்லை. இதில் வேறு ஏதாவது சூது இருக்குமோ என்று சந்தேகப்பட்டேன். அப்படி ஒன்றும் இல்லை என்பது பிறகு தெரிந்தது.

எஞ்சினைப் பார்க்க மறுநாள் மெக்கானிக் வருவதாக ஏற்பாடு. முதலில் சீட் தேறட்டும் என்று டேப்போடு உட்கார்ந்தேன். பொத்தானை அழுத்தினேன். சீட் சத்தமில்லாமல் எழும்பியது. நாற்காலி அளவுக்கு வந்து, அதையும் தாண்டியது. விளிம்பு குறுகல். கதவு நன்றாக அகலமாகத் திறந்தது. சீட் தோல் உறை வழுவழுவென்று, உட்கார்ந்தபடி திரும்ப வசதியாக இருந்தது. மேலே கைப்பிடி. தலை இடிக்காது. இப்படி ஒன்று இருக்கிறது என்றால் என்னை ஏன் தஞ்சாவூர் முழுக்க அலையவிட்டாள் என்று மகள்மேல் கோபம் வந்தது.

அவர் வாசல் வரை வந்தார். வண்டியைச் சுற்றிப் பார்த்தார். கைத்தடியை என்னிடம் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டி நின்று, சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்தார். அவ்வளவுதான். அதிராம்பட்டினத்துக்காரர் உதவிக்குக் கையை நீட்டப் போனார், நான் கண்ணாலேயே தடுத்தேன். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த மனிதர் ஒரு வண்டிக்குள் இருந்தார். உட்கார்ந்ததும் பொத்தானைக் கண்டுபிடித்து மேலே போனார், கீழே வந்தார், மறுபடி மேலே போனார்.

"இப்ப ஒரு தடவை இறங்கிப் பாருங்க" என்றேன். ஏறுவதில் என்ன இருக்கிறது, இறங்குவதுதானே பரீட்சை.

"போயிட்டு வந்து இறங்குறேன்" என்றார்.

அந்தக் குரலை எனக்குத் தெரியும். இங்கே இறங்க முடியாமல் போனால் தெரு பார்க்கும். போய்விட்டு வந்தால் மட்டும் தெரு பார்க்காதா? பின் சீட்டில், அவருக்கு நேர் பின்னால் கைத்தடியோடு ஏறிக்கொண்டேன். அதிராம்பட்டினத்துக்காரர் வண்டியைக் கிளப்பினார்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. எங்கள் ஊர் கேட் மூடினால் கல்யாண முகூர்த்தமே தவறும். எஞ்சின் ஓடியபடியே நின்றோம். சரக்கு ரயில் போனதும் கடைசிப் பெட்டியைப் பார்த்து அவர் தலையை மட்டும் லேசாக அசைத்தார். கேட்டைத் தாண்டி மன்னார்குடி ரோட்டில் போகையில் டிரைவர் முன்னால் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்தது. "என்ன தம்பி அது?" என்றேன் பின்னாலிருந்து.

"ஒன்னுமில்லம்மா. டீசல் வண்டிக்குக் கீழ புகையை வடிகட்டுற சட்டி ஒன்னு இருக்கு. வண்டி நின்னே கிடந்தா அதுல கரி அடைச்சுக்கும். அப்ப அது தன்னைத்தானே சூடாக்கி அந்தக் கரியை எரிச்சுக்கும். நிக்காம கொஞ்ச தூரம் வேகமாப் போனா விளக்கு அணைஞ்சிடும்."

"அப்படின்னா போங்க தம்பி. என்ன அவசரம்" என்றார் இவர். போங்க என்று அவர் சொன்னதை நான் எத்தனை நாள் கழித்துக் கேட்கிறேன்! அவர் சொந்த ஊர் அந்தப் பக்கம்தான். அண்ணன் தம்பி நிலமெல்லாம் கைமாறிவிட்டது, ஆனால் வழி மறக்கவில்லை. இடப்பக்கம் திரும்பச் சொன்னார். வாய்க்கால் ஓரமாகப் போகிற கிராமத்து ரோடு. ஆற்றில் தண்ணீர் நிறுத்திய காலம், வாய்க்கால் வெடித்துக் கிடந்தது. நெல் அறுத்த தாளுக்கு நடுவே விதைத்த உளுந்தும் பறித்தாகிவிட்டது. கண்ணாடியை இறக்கச் சொல்லி, வயலைப் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தார். யார் வரப்பு, யார் போர்செட், எந்த மடையில் யாருக்கு யாரோடு சண்டை. அதிராம்பட்டினத்துக்காரர் ம், ம் என்று கேட்டுக்கொண்டே ஓட்டினார்.

ஒரு வளைவு திரும்பியதும் ரோடு முழுக்க உளுந்துச் செடி. எங்கள் பக்கத்தில் அது வழக்கம். செடியைக் காய வைத்துத் தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறி நெற்று வெடித்து உளுந்து தனியாகும். நாலைந்து பெண்கள் தலைப்பாகை கட்டிக்கொண்டு கவைக்கோலால் செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதிராம்பட்டினத்துக்காரர் வேகத்தைக் குறைத்து மண் ஓரமாக ஒதுங்கப் பார்த்தார்.

"ஒதுங்காதீங்க தம்பி! மேல ஏத்துங்க" என்றார் இவர்.

"கீழ சுத்திக்கும் ஐயா..."

"என்னத்தச் சுத்திக்கும்? பாவம், வெயில்ல நிக்கிறாங்க. ஒதுங்கிப் போனா அவங்களை அவமதிக்கிற மாதிரி. ஏத்துங்க."

டெல்டாக்காரனின் மரியாதை இது. பக்கத்தில் இடம் இருந்தாலும் உளுந்தின்மேல் ஓட்டிப் போக வேண்டும், அதுதான் முறை. நானும் அப்படித்தான் நினைத்தேன். தடுக்கவில்லை. வண்டி நெற்றுகளின்மேல் படபடவென்று ஏறியது. பெண்கள் சிரித்துக் கையசைத்தார்கள். இவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ஒரு தடவை பின்னால வந்து திரும்பப் போங்க தம்பி" என்றார். அவரும் மறுக்க மாட்டாமல் பின்னால் வந்து, முன்னால் போனார். கடைசியில் குவியலின் நடுவில் வண்டியை நிறுத்தச் சொன்னார் இவர். வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

எஞ்சின் ஓடியபடியே நின்றது. இவர் தலையை வெளியே நீட்டி, கவைக்கோல் வைத்திருந்த பெண்ணைக் கேட்டார்: "எப்படிம்மா காய்ச்சிருக்கு?"

அந்தப் பெண் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். "எங்க சார், மஞ்சத் தேமல் நோவு விழுந்து பாதி போயிடுச்சு. மிச்சம் இருக்கிறதைத்தான் கொண்டாந்து போட்டிருக்கோம்."

"மருந்து அடிக்கலையா?"

"அடிச்சோம். அடிச்சப்பறம் மழை அடிச்சுது."

இவர் உச்சுக்கொட்டினார். போன வருஷமும் இப்படித்தானா, யாருடைய நிலம், குத்தகையா சொந்தமா என்று கேள்விமேல் கேள்வி. வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்செல்லாம் அன்றைக்கு வந்துகொண்டிருந்தது. எனக்கு மூக்கில் ஏதோ நெடி அடித்தது. எங்கேயோ வைக்கோல் எரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

அந்தப் பெண்தான் முதலில் குனிந்து பார்த்தாள். "ஐயய்யோ! சார்! கீழ பொகையுது சார்!"

அடுத்து நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அடியிலிருந்து வெள்ளைப் புகை ஜன்னல் உயரத்துக்கு எழும்பியது. அதிராம்பட்டினத்துக்காரர் "யா அல்லாஹ்" என்று அலறிக்கொண்டு எஞ்சினை அணைத்துக் கதவைத் திறந்து குதித்தார். குதித்தவர் ரோட்டில் குப்புறப் படுத்து, அடியில் சுற்றியிருந்த செடியைக் கையாலேயே இழுக்க ஆரம்பித்தார். அந்தச் சூட்டுச் சட்டியில் காய்ந்த உளுந்துச் செடி போய்ச் சிக்கியிருக்கிறது. சட்டென்று புகைக்குள் மஞ்சளாக ஒரு நாக்கு தெரிந்தது.

இவரை இறக்க வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் தோன்றியது. நான் இறங்கி, முன் கதவைத் திறந்து, தூக்கக் கூடாது என்றாரோ இல்லையோ, இழுத்தாவது போட்டுவிட வேண்டும். கதவுப் பிடியை இழுத்தேன். திறக்கவில்லை. மறுபடி இழுத்தேன். அந்தப் பக்கக் கதவுக்குத் தாவினேன், அதுவும் திறக்கவில்லை. குழந்தைகள் உள்ளேயிருந்து திறந்துவிடாமல் இருக்கப் பின் கதவுகளுக்குப் பூட்டு போட்டு வைத்திருந்திருக்கிறார் அதிராம்பட்டினத்துக்காரர். வெளியிலிருந்துதான் திறக்கும். "என்னங்க, கதவு திறக்கல! என்னங்க!" என்று கத்தினேன். நான் கத்தியது எனக்கே வேறு யாரோ கத்துகிற மாதிரி கேட்டது. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் புகை. முன் சீட்டுக்கு மேலே அவர் தலை மட்டும் தெரிந்தது.

அந்தத் தலை திரும்பியது. கதவு திறக்கும் சத்தம். கால் ஒன்று வெளியே போனது. பிறகு இன்னொன்று. கைப்பிடியைப் பிடித்தார். சீட் முதுகிலிருந்து அவர் முதுகு பிரிந்தது, உயர்ந்தது, என் கண்ணெதிரே அந்த மனிதர் எழுந்து நின்றார். தடி பின் சீட்டில் என் பக்கத்தில் கிடக்கிறது. ஒரு கையால் வண்டியின் மேல்கூரையைப் பிடித்துக்கொண்டு ஓர் அடி நகர்ந்தார். இன்னோர் அடி. என் கதவு திறந்தது.

"இறங்குடி!" என்றார்.

நாற்பது வருஷக் குடித்தனத்தில் அவர் என்னை டி போட்டுக் கூப்பிட்டது கிடையாது. இறங்கினேனா விழுந்தேனா தெரியாது. தடியை அவர் கையில் திணித்தேன். இரண்டு பேரும் செடிமேல் தடுக்கித் தடுக்கி வாய்க்கால் கரை வரை போனோம். திரும்பிப் பார்த்தால் வண்டியின் அடியில் தீ நன்றாகப் பிடித்திருந்தது.

"வண்டியை நகத்துய்யா! என் உளுந்தெல்லாம் போகுது!" என்று அந்தப் பெண் கத்தினாள். அதிராம்பட்டினத்துக்காரருக்கு என்ன தைரியமோ, எரிகிற வண்டிக்குள் மறுபடி ஏறி உட்கார்ந்தார். எஞ்சினைக் கிளப்பி, எரிகிற செடியை இழுத்துக்கொண்டே குவியலைத் தாண்டி வெறும் தாருக்குக் கொண்டுபோய் நிறுத்திவிட்டுக் குதித்தார். பெண்கள் குடிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடங்களைக் கொண்டுபோய் அடியில் வீசினார்கள். கூடையால் ரோட்டோர மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டினார்கள். இன்னும் சிலர் எரிந்த செடியைக் கவைக்கோலால் பிரித்து மிதித்து அணைத்தார்கள். தீ அடங்கிய பிறகும் வண்டி நெடுநேரம் புகைந்துகொண்டிருந்தது. கூரை வீடு எரிந்து அணைந்தால் வருமே, அப்படி ஒரு நாற்றம்.

நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டி எரிந்ததைவிட அதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. எழுந்துவிட்டார். யாரும் தொடவில்லை. எனக்கும் கதவைத் திறந்துவிட்டார். அவர் என்னடாவென்றால் எரிந்துபோன உளுந்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான்தாம்மா ஏத்தச் சொன்னேன். நான்தான் நிறுத்தவும் சொன்னேன். அந்தத் தம்பி மேல தப்பு இல்ல" என்றார் அந்தப் பெண்ணிடம்.

அவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். திட்டப் போகிறாள் என்று நினைத்தேன், திட்டவும் செய்தாள். "எத்தினி காரு போவுது, ஒருத்தனும் நிறுத்திப் பேச மாட்டான். நீங்க ஒருத்தர் நிறுத்தி எப்படிக் காய்ச்சிருக்குன்னு கேட்டீங்க. கேட்டதுக்கு இந்த வெனை!" என்றவள், இவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினாள். "போங்க சார். ஆளுக்கு ஒன்னும் ஆவலையே. செடி ஓரமாத்தான் எரிஞ்சிருக்கு."

அதிராம்பட்டினத்துக்காரர் உள்ளங்கை கொப்புளித்து, சட்டையெல்லாம் கரியாக வந்தார். வண்டி போனதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "அம்மா, அந்தப் பூட்டு... பிள்ளைங்களுக்காகப் போட்டது. எடுக்க மறந்துட்டேன். மன்னிச்சிடுங்க" என்று என்னிடம் சொன்னார். அவர்மேல் எப்படிக் கோபப்படுவது? குடத்தில் மிஞ்சிய தண்ணீரில் அவர் கையை நனைத்துவிட்டேன். இந்த நேரம் பார்த்து மகள் போனில் கூப்பிட்டாள். "அம்மா, சீட் சரியா இருக்கா?" என்றாள். "சீட் சரியா இருக்குடி. வண்டிதான் இல்ல" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

இனி வீட்டுக்குப் போக வேண்டும். வண்டி கிளம்பாது. இழுத்துப்போக வேறு வண்டி வரும்வரை தான் இங்கேயே நிற்பதாக அதிராம்பட்டினத்துக்காரர் சொன்னார். ஆட்டோவில் இவரால் குனிந்து ஏற முடியாது. பஸ் அந்த ரோட்டில் சாயங்காலம்தான். வெயில் மண்டையைப் பிளந்தது, நிற்பதற்கு மரநிழல்கூட இல்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிடலாமா என்று மெல்லக் கேட்டேன். "எனக்கென்ன வியாதியா?" என்று முறைத்தார். அப்போதுதான் உளுந்து மூட்டை ஏற்ற ஒரு குட்டி யானை வந்து நின்றது. அந்தச் சின்ன லோடு வண்டியில் முன்னால் டிரைவருக்கே இடம் போதாது. பின்னால் தட்டில் வேறு வயல் மூட்டைகள் இருந்தன, அதுவும் இவர் நெஞ்சு உயரம். நான் அதைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டேன். கேட்கவே துணியவில்லை. வேறு கார் ஏதாவது வரட்டும், சாயங்காலம் வரை நிற்க வேண்டுமென்றாலும் நிற்போம் என்று இருந்துவிட்டேன்.

இவர் தடியை ஊன்றிக்கொண்டு அந்த வண்டியின் பின்பக்கம் போனார். தட்டைக் கையால் தட்டிப் பார்த்தார். பிறகு அந்தப் பெண்களைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: "தூக்குங்கம்மா."

எனக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று தெரியவில்லை. அவர்களுக்கு எதுவும் தெரியாது, அவர்கள் பாட்டுக்குக் கவைக்கோலைப் போட்டுவிட்டு வந்தார்கள். மூட்டை தூக்குகிற கைகள், கூச்சமில்லாமல் இடுப்பில் ஒருத்தியும் தோளில் ஒருத்தியும் பிடித்தார்கள். நான் ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன். ஒரு வருஷம் வீட்டுக்குள் கிடந்தவர். கூட்டாளி சாவுக்குக்கூட வராதவர். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"யாரும் தூக்கக் கூடாதுன்னீங்களே?" என்றேன்.

அவர் என்னை நிதானமாகப் பார்த்தார். மீசையெல்லாம் சாம்பல். "இறங்கினது நானா இறங்கிட்டேன்ல" என்றார். "ஏத்துறது யாரா இருந்தா என்ன?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கால் பக்கத்தை நான் பிடித்தேன்.